இருபத்தேழாம் எண் பதிவுடல்

அன்று காலை பதினோரு மணிக்குள் இருபத்தேழாம் எண் ஆறு முறை இறந்துவிட்டாள். ஆறு மாணவர்களும் தேர்ச்சி பெற்றார்கள்.

டாக்டர் தமயந்திக்கு அதுதான் எரிச்சல். மயக்க மருந்துத் துறையில் இருபது வருஷம் வேலை பார்த்தவள் அவள். திருச்சியில் கரூர் சாலையில் இருந்த அந்தத் தனியார் மருத்துவக் கல்லூரியின் பயிற்சிக்கூடத்துக்கும் ஏழு வருஷமாக அவள்தான் பொறுப்பு. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் இயந்திரம் ஒரு பெண்குரலில், "நன்று மருத்துவரே, தங்கள் மதிப்பெண் ஐம்பத்தெட்டு" என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குத் தலை வலித்தது. இந்தப் பக்கம் உதடு நீலம் பாரித்த உடல் கிடக்கும். அந்தப் பக்கம் மாணவன் சந்தோஷமாகக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருப்பான்.

மேஜைமேல் கிடந்ததைப் பதிவுடல் என்பார்கள். பழைய பயிற்சிப் பொம்மைகளுக்கெல்லாம் ஒரே தொண்டைதான். இரண்டு நாள் பழகினால் கண்ணை மூடிக்கொண்டு மூச்சுக்குக் குழாய் போடலாம். பதிவுடல் அப்படியல்ல. மூச்சு போகாமல் இறந்த ஒரு நிஜ மனிதரின் தொண்டையை ஸ்கேன் செய்து, அன்று அவருடைய மானிட்டரில் ஓடிய எண்களையெல்லாம் சேர்த்து, எந்த மருந்துக்கு அந்த உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்று வகுத்து வைத்திருப்பார்கள். குடும்பத்தார் கையெழுத்துப் போட்டுச் சம்மதித்தால்தான் செய்வார்கள். அப்படி அறுபது பேர் அந்த இயந்திரத்துக்குள் இருந்தார்கள். பெயர் கிடையாது, எண் மட்டும். கணினியில் எண்ணைத் தட்டினால் சிலிக்கான் கழுத்து தடிக்கும், தாடை குறுகும், நாக்கு பருக்கும்; அந்த ஆளாகவே மாறிவிடும்.

குழாய் உள்ளே போனால் நூறு மதிப்பெண். போகாவிட்டாலும், எத்தனை முறை எப்படி முயன்றார்கள், கடைசியில் கழுத்தை முன்பக்கமாகக் கீறித் துளை போட்டார்களா என்று பார்த்துப் பகுதி மதிப்பெண் உண்டு. ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. நோயாளி பிழைத்தாரா என்பதற்கு அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. இதைப் பற்றித் தமயந்தி இயந்திரத்தைச் செய்த நிறுவனத்துக்கு நான்கு முறை எழுதினாள். நான்கு முறையும் ஒரு புகார் எண் வந்தது. வேறெதுவும் வரவில்லை.

"தாடை மறுபடியும் பிடிக்குது மேடம்" என்றார் கலியமூர்த்தி. அந்தக் கூடத்தின் டெக்னீஷியன் அவர். "ஒரு தட்டுத் தட்டிக்கிறேன்."

"தட்டுங்க. போன வாரமும் தட்டினீங்க. அதுக்கு முந்தின வாரமும் தட்டினீங்க."

"பார்ட்ஸ் வரல மேடம். நான் என்ன செய்ய."

ஏழாவதாக வந்தவள் சுமையா. ஹவுஸ் சர்ஜன். ஏற்கெனவே இரண்டு முறை இந்தத் தேர்வில் தோற்றிருந்தாள். அவள் கை ஒன்றும் மோசமில்லை. வேலைக்கு நடுவில் நின்று யோசிப்பாள், அதற்குள் நேரம் முடிந்துவிடும். இந்த முறையும் தேறாவிட்டால் ஆபரேஷன் தியேட்டருக்குள் விடமாட்டார்கள். ஆறு மாதம் வீணாகும்.

அவள் மயக்க மருந்தையும் தசையைத் தளர்த்தும் மருந்தையும் கொடுத்தாள். லாரிங்கோஸ்கோப்பால் நாக்கை ஒதுக்கிப் பார்த்தாள். கழுத்துக் கட்டி அழுத்தி மூச்சுக்குழல் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது, வாசல் தெரியவில்லை. வெளியே எடுத்துவிட்டு மாஸ்கை வைத்துப் பையை அமுக்கி ஆக்சிஜன் கொடுத்தாள். இரண்டாவது முறை வேறு பிளேடால் முயன்றாள். இரத்தம் கசிந்தது. ஆக்சிஜன் எண்பத்தெட்டுக்கு இறங்கியது. மறுபடியும் மாஸ்க். எண் மெல்ல மெல்ல ஏறித் தொண்ணூற்றாறில் நின்றது.

முன்னால் வந்த ஆறு பேரும் இந்த இடத்தில்தான் மூன்றாவது முறையாக லாரிங்கோஸ்கோப்பைக் கையில் எடுத்தார்கள். மூன்றாவது முயற்சியில் தொண்டை வீங்கும். பிறகு மாஸ்க் வழியாகவும் காற்று போகாது.

சுமையா எடுக்கவில்லை. பையை அமுக்கிக்கொண்டே நின்றாள்.

"நேரம் ஓடுது சுமையா" என்றாள் தமயந்தி. இரண்டு நாள் தூங்காதவள் போல அவள் குரல் அலுத்திருந்தது.

"தெரியும் மேம். இதோட நிறுத்திக்கிறேன்."

"என்னத்த நிறுத்தற?"

"மாஸ்க்ல காத்து நல்லாப் போகுது மேம். இவங்களை எழுப்பிடறேன்."

மருந்துத் தட்டில் ஓர் ஓரமாக இருந்த முறிப்பு ஊசியை எடுத்தாள். தளர்ந்த தசையை மூன்று நிமிஷத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவரும் ஊசி. தட்டில் அது எப்போதும் இருக்கும், யாரும் தொட்டதில்லை.

சற்று நேரத்தில் பதிவுடலின் மார்பு தானாக ஏறி இறங்கியது. பிறகு அது இருமியது. கலியமூர்த்தி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். இருபத்தேழு இருமி அவர் கேட்டதே இல்லை. கண் இமைகள் திறந்தன. கரகரத்த, கொஞ்சம் மூக்கால் பேசுகிற ஒரு பெண்குரல் கேட்டது.

"முடிஞ்சிருச்சா டாக்டர்?"

உடனே இயந்திரம் சொன்னது: "பணி முடிக்கப்படவில்லை. தங்கள் மதிப்பெண் பூஜ்யம்."

"கோளாறா?" என்றாள் தமயந்தி. அவள் கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது.

"இல்ல மேடம்" என்றார் கலியமூர்த்தி திரையைப் பார்த்துக்கொண்டே. "குரலும் உள்ள இருக்கு. ஆபரேஷனுக்கு முன்னாடி செக்கப்புல பேசினதை வெச்சுப் பண்ணியிருக்காங்க. இதுவரைக்கும் யாரும் அந்த இடத்துக்கே போகல. அதான் நாம கேக்கல."

மீதி மாணவர்களை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினாள் தமயந்தி.

அந்தக் குரலை அவள் முன்பே கேட்டிருந்தாள். இருபத்தேழாம் எண்ணின் பெயர் பிலோமினா. வயது நாற்பத்தொன்று. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கழுத்துக் கட்டியை எடுக்க இதே கல்லூரி மருத்துவமனைக்கு வந்தவள். அவளுக்கு மயக்க மருந்து கொடுத்தது தமயந்தி. குழாய் போட முடியாமல் தோற்றதும் தமயந்தி. பிறகு பிலோமினாவின் புருஷனிடம் பேசிப் பதிவுடலுக்குக் கையெழுத்து வாங்கியதும் அவள்தான். பயிற்சியில் இருபத்தேழு வரும்போதெல்லாம் தமயந்திக்கு வெளியே ஏதாவது வேலை வந்துவிடும். தேர்வு என்பதால் அன்று எழுந்து போக முடியவில்லை.

சுமையா இன்னும் போகாமல் நின்றாள்.

"மேம், பூஜ்யம்னு போட்டிருக்கு."

"கேட்டது என்ன? குழாய். போட்டியா?"

"இல்ல மேம்."

"அப்புறம்?"

"அவங்க உயிரோட இருக்காங்களே மேம்."

"அது எனக்கும் தெரியுது" என்றாள் தமயந்தி. "எல்லாரும் படிச்ச பாடம்தான். ரெண்டு தடவை முடியலன்னா நிறுத்து, மூச்சு கொடு, எழுப்பு. இதை நான்தானே உங்களுக்கு வகுப்பெடுத்தேன். ஆனா பரீட்சையில அதுக்கு மார்க் இல்லன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும் மேம். அப்பீல் போடலாம்ல?"

"போடு. எதுக்கெடுத்தாலும் ஒரு கேள்வி, ஒரு அப்பீல். போ, போய் டீ குடி."

மத்தியானம் சாப்பிடாமல் தமயந்தி பிலோமினாவின் மூலப் பதிவைத் திறந்தாள். ஒன்பது வருஷமாகத் திறக்காத கோப்பு. அவள் நினைவில் அன்று நடந்தது வேறு மாதிரி இருந்தது. முதல் முயற்சியிலேயே தொண்டை அடைத்துவிட்டது, மாஸ்கில் காற்று போகவே இல்லை, ஆக்சிஜன் எழும்பவே இல்லை. விசாரணைக் குழுவிடமும் இதையேதான் சொன்னாள். யாரும் குறுக்கே கேட்கவில்லை. அவளும் பொய் சொல்வதாக நினைத்துச் சொல்லவில்லை.

பதிவில் ஐந்தாவது நிமிஷம் ஆக்சிஜன் தொண்ணூற்றாறு. ஆறாவது நிமிஷமும் தொண்ணூற்றாறு. இரண்டு முழு நிமிஷங்கள். ஏழாவது நிமிஷத்தில் மூன்றாம் முயற்சி. மொத்தம் ஆறு முயற்சிகள். பதினெட்டாவது நிமிஷத்தில் கோடு நேராகிவிட்டது.

அந்த இரண்டு நிமிஷமும் என்ன நினைத்துக்கொண்டிருந்தோம் என்று அவள் யோசித்தாள். சர்ஜன் கை கழுவிவிட்டு நின்றார். அடுத்த நோயாளியை வாசலில் படுக்க வைத்திருந்தார்கள். இன்னும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தோன்றியிருக்கும். வேறு பெரிய காரணம் எதுவும் அவளுக்கு அகப்படவில்லை.

மறுநாள் டீன் பக்தவத்சலம் அழைத்தார். சுமையாவின் மேல்முறையீடு அவர் மேஜையில் இருந்தது.

"இதுல உன் கருத்து என்னன்னு தேர்வு வாரியத்துக்கு ஒரு பக்கம் எழுதணுமாம். 'மாணவரின் செயலால் மூல நோயாளி பிழைத்திருக்கக் கூடுமா?' கேள்வியைப் பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"என்ன எழுதப் போற?"

"பிழைச்சிருப்பாங்கன்னு."

டீன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "தமயந்தி, இது படிக்கிற பசங்களுக்கு வாங்கின மெஷின். செத்தவங்களை எழுப்பிச் சாட்சி கேக்கறதுக்கு வாங்கல. உள்ள அறுபது பேர் இருக்காங்க. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொருத்தரையும் வேற மாதிரி பண்ணிப் பாக்க ஆரம்பிச்சா என்ன ஆகும்? அறுபது டாக்டரும் பதில் சொல்லணும்."

"சொல்லட்டுமே சார்."

"நாப்பத்தோராம் நம்பர் யாரோட பேஷன்ட்னு நினைக்கற?"

தமயந்தி நிமிர்ந்து பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அதை ஒரு தடவை கூட ஓட்டிப் பாத்ததில்ல" என்றார். "பாக்கவும் மாட்டேன். இருபத்தேழுல தாடை பிடிக்குதுன்னு கலியமூர்த்தி அடிக்கடி எழுதறாரு. டெக்னிக்கல் ஃபால்ட்னு சொல்லி அந்த நம்பரையே எடுத்திடலாம். அந்தப் பொண்ணுக்கு வேற நம்பர் கொடு. ஒன்பதாம் நம்பர் சுலபம். பாஸ் ஆயிடுவா. யாருக்கும் நஷ்டம் இல்ல."

தமயந்திக்கு அது சுலபமாகத்தான் தோன்றியது. அன்று சாயங்காலமே சுமையாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். சுமையா நன்றி சொல்லிவிட்டுப் போவாள் என்று எதிர்பார்த்தாள்.

"இருபத்தேழை எடுத்துடுவாங்களா மேம்?"

"ஆமா. உனக்கு அதுல என்ன? உனக்குப் பாஸ் ஆகணும், அவ்வளவுதானே?"

"ஆகணும் மேம். எங்க வீட்டுல தினமும் கேக்கறாங்க." சுமையா தயங்கினாள். "நாளைக்கு நிஜமா ஒருத்தங்க இதே மாதிரி கழுத்தோட வந்தா நான் என்ன செய்யணும்? அதை மட்டும் சொல்லிடுங்க மேம். எழுப்பணுமா, இன்னொரு தடவை பாக்கணுமா?"

"எழுப்பணும்."

"அப்ப பரீட்சையில மட்டும் வேற மாதிரி செய்யணுமா மேம்?"

தமயந்திக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. "போய்த் தொலை" என்றாள். சுமையா போனதும் படிவத்தை எடுத்தாள். ஒரு பக்கம் என்றிருந்த இடத்தில் மூன்று பக்கம் எழுதினாள். நிமிஷ வாரியாக எழுதினாள். மூல நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்தவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டாள். டீனுடைய மேஜைக்கு அனுப்பாமல் நேரே தேர்வு வாரியத்துக்கு அனுப்பினாள்.

வாரியத்தின் கடிதம் பிலோமினாவின் வீட்டுக்கும் ஒருநாள் போய்ச் சேரும். அதற்கு முன்னால் தானே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சனிக்கிழமை காலை அரியமங்கலம் போனாள்.

பிலோமினாவின் புருஷன் சவரிநாதன் அங்கே வீட்டோடு சேர்த்து லேத் பட்டறை வைத்திருந்தார். ஏதோ ஓர் இரும்புத் தண்டைக் கடைந்துகொண்டிருந்தவர் அவளைப் பார்த்ததும் சுவிட்சை அணைத்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க டாக்டரம்மா. பொம்மைக்கு ஏதாச்சும் கையெழுத்து வேணுமா?"

"இல்லைங்க. ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்." வரும் வழியெல்லாம் அடுக்கி வைத்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. "அன்னிக்கு யாராலயும் காப்பாத்தியிருக்க முடியாதுன்னு உங்ககிட்ட சொன்னேன்."

"ஆமா. கடவுளே வந்தாலும் முடியாதுன்னீங்க."

"அது தப்புங்க. ரெண்டாவது தடவைக்கு அப்புறம் அவங்களுக்கு மூச்சு நல்லாவே போய்க்கிட்டிருந்தது. நான் அங்க நிறுத்தி அவங்களை எழுப்பியிருந்தா பொழைச்சிருப்பாங்க. ஆபரேஷனை இன்னொரு நாள் வேற விதமாப் பண்ணியிருக்கலாம். நான் நிறுத்தல."

சவரிநாதன் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இப்ப எப்படித் தெரிஞ்சது?"

"அந்தப் பொம்மையில ஒரு பொண்ணு நிறுத்திப் பாத்தா. அவங்க எழுந்துட்டாங்க."

"அதுல எத்தனை பேரு பண்ணிப் பாத்திருக்காங்க?"

"நாலாயிரத்து முன்னூறு தடவைக்கு மேல."

"அத்தனை தடவையும் செத்துட்டாளா?"

"ஆமாங்க. இந்த ஒரு தடவை தவிர."

"நாலாயிரம் பேருக்கு நிறுத்தத் தோணலையா டாக்டரம்மா?"

"தோணியிருக்கும். நிறுத்தினா மார்க் போயிடும்."

அவர் துணியைத் தூக்கி லேத்தின்மேல் எறிந்தார். அடுத்து வரப்போவதற்குத் தமயந்தி தயாராக இருந்தாள். ஆனால் அவர் பேசியது வேறு.

"அவ அந்த ஆபரேஷனே வேணாம்னா. வலியே இல்ல, எதுக்குன்னா. முதல்நாள் சாயங்காலம் பையை எடுத்துக்கிட்டு வார்டுலேர்ந்து கீழ எறங்கி வந்துட்டா. நான்தான் படிக்கட்டுல நிறுத்தி வெச்சுத் திட்டித் திரும்பக் கூட்டிப்போய் விட்டேன். எம்பொண்ணு அமலி பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தா. பதினாறு வயசு அப்ப. மறுநாள் நீங்க வந்து யாராலயும் முடியாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க. யாராலயும் முடியாத காரியத்துக்கு அவளை இழுத்துக்கிட்டுப் போனது யாரு? நான். எம்பொண்ணு அப்படித்தான் எடுத்துக்கிட்டா. நானும் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்."

மகள் இப்போது எங்கே என்று கேட்டாள் தமயந்தி.

"கோயம்புத்தூர்ல வேலை பாக்கறா. கிறிஸ்துமஸுக்கு அவ அத்தை வீடு வரைக்கும் வருவா. என் வீட்டுக்கு வரமாட்டா. ஒன்பது வருஷம் டாக்டரம்மா. நீங்க ஆறுதலாச் சொன்னதா நினைச்சுக்கிட்டு இருந்திருப்பீங்க."

"ஆமா" என்றாள் தமயந்தி. அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து நடுவில் ஒரு தாளைக் கிழித்தார். பேனாவையும் நீட்டினார்.

"இப்பச் சொன்னதை எழுதிக் குடுங்க. நான் சொன்னா நம்பமாட்டா."

தமயந்தி ஸ்டூலில் உட்கார்ந்தபடியே மடியில் வைத்து எழுதினாள். தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டாள். மருத்துவர் பதிவு எண்ணையும் அவர் போடச் சொன்னார், போட்டாள். அவர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வாய்விட்டு மெதுவாகப் படித்தார். நடுவில் நின்றார்.

"'அந்தக் கட்டத்தில் முயற்சி நிறுத்தப்படவில்லை'ன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க."

"யாரு நிறுத்தல?"

தமயந்தி தாளை வாங்கினாள். அந்த வரியை அடித்துவிட்டு, 'அந்தக் கட்டத்தில் நான் நிறுத்தவில்லை' என்று மேலே எழுதினாள். திருத்தத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கையெழுத்தும் போட்டாள்.

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"கேஸ் போடுவீங்களா?" என்று கேட்டாள்.

"அதை அப்புறம் பாக்கலாம். மொதல்ல எம்பொண்ணு படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு லேத்தைப் போட்டார். அதன் பிறகு அவள் இருக்கிற பக்கம் திரும்பவில்லை. சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு அவள் வெளியே வந்தாள்.

தேர்வு வாரியம் ஐந்து வாரம் கழித்துப் பதில் அனுப்பியது. மேல்முறையீடு நிராகரிக்கப்பட்டது, கேட்கப்பட்ட பணியை மாணவர் செய்யவில்லை. சுமையா ஆறு மாதம் காத்திருந்து மறுதேர்வு எழுதினாள். ஒன்பதாம் எண் வந்தது. முதல் முயற்சியிலேயே குழாயைப் போட்டுத் தேறினாள். தகவல் சொல்ல வந்தவளின் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். டீன் தமயந்தியைப் பயிற்சிக்கூடப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார். நிறுவனத்தின் அடுத்த மென்பொருளில் 'எழுப்புக' என்று ஒரு புதிய பொத்தான் வந்தது. அதை அழுத்தினால் முப்பது மதிப்பெண் கழியும் என்று கலியமூர்த்தி போன் செய்து சொன்னார். தமயந்தி ஐந்தாவது புகாரை எழுதினாள். அதற்கும் ஒரு எண் வந்தது.

பதிவுத் தபால் வந்தது அதற்கு அடுத்த வாரம். வக்கீல் நோட்டீஸ். பிலோமினாவின் மரணத்துக்குக் கவனக்குறைவே காரணம் என்றும், எதிர்மனுதாரர் தம் கைப்பட எழுதிய ஒப்புதலே அதற்குச் சாட்சி என்றும் நான்கு பக்கம் இருந்தது. எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் தன் பெயருக்கு முன்னால் 'எதிர்மனுதாரர்' என்றிருந்ததை இரண்டு முறை படித்தாள். முழுவதும் படித்தாள். தேதிகள் சரி. நிமிஷங்கள் சரி. ஓரிடத்தில்கூட மறுக்க எதுவும் இல்லை. எந்த வக்கீலைப் பார்ப்பது என்று யோசித்துக்கொண்டே திரும்பவும் முதல் பக்கத்துக்கு வந்தாள்.

மனுதாரர்கள் இரண்டு பேர். ஒன்று, சவரிநாதன். இரண்டு, அவர் மகள் அமலி. முதலில் படித்தபோது கவனிக்காமல் தாண்டிப்போன வரி அதற்குக் கீழே இருந்தது. இருவருக்கும் ஒரே முகவரி. அரியமங்கலம்.